சொந்த ஊர் ஆட்டம் யாருக்குச் சொந்தம்?



அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் பேருதான் ஃபுட்பால். பந்தைக் கையில தூக்கிக்கிட்டுதான் ஓடுவாங்க. இதன் பெரிய போட்டி என்.எஃப்.எல். 2007இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மயாமி அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் மோதின. 81,000 பேருக்கு மேல் பார்த்தார்கள்.

ஆனால் அது மயாமியின் சொந்த ஊர் ஆட்டம்! அப்போது ஓர் அணி சொந்த ஊரில் ஆடுவதே வருஷத்துக்கு 8 லீக் ஆட்டம்தான். அதிலும் ஒண்ணு கடல் தாண்டிப் போனால் ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க? வசதி உள்ளவங்க விமானத்தில் பின்னாடியே போவாங்க. மத்தவங்களுக்கு டி.வி.தான். ஜாக்சன்வில் ஊர் ரசிகர்களுக்கு 2013 முதல் 2025 வரை, 2020 தவிர, எல்லா வருஷமும் இதே கதைதான்.

அதுக்காக வெளிநாட்டில் ஆடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். லண்டன் ரசிகர்கள் ஆடுகிற இரண்டு அணி மட்டுமில்லாமல் எல்லா அணிச் சட்டையும் போட்டு வர்றாங்க. பல வருஷம் டி.வி.யில் மட்டுமே பார்த்தவங்களுக்கும் ஆசை இருக்காதா?

2021இல் ஓர் அணிக்கு மொத்தம் 17 ஆட்டம் ஆனது. பாதி அணிகளுக்குச் சொந்த ஊரில் 9 ஆட்டம் கிடைக்கிறது. 2022 முதல் பெரும்பாலும் அந்த 9 உள்ள அணிகள்தான் ஒன்றை வெளிநாட்டுக்குத் தருகின்றன. இதுதான் நியாயம். கூடுதலாக இருப்பதைக் கொடுக்கலாம். இருக்கிற பங்கைப் பிடுங்கக் கூடாது. மழையிலும் தோல்வியிலும் கூட நின்றவங்க ஊர்க்காரங்கதானே!

உங்கள் கருத்து என்ன? சொல்லுங்களேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி