ராம் வாங்கும் முன் காரணத்தைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில், "ராம் கூட்டிப் போடுங்கள்" என்பதுதான். காரணம் தெரியாமல் செய்யும் இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

தாம்பரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் இன்ஜினியரிங் மாணவர் ஒருவர், "கிட் ரொம்ப ஸ்லோ. அப்பாவிடம் சொல்லித் தவணையில் புது லேப்டாப் வாங்கப் போகிறேன்" என்றார். கிட் என்பது என்ன? ஒரு கடிதத்தை லெட்டர்1, லெட்டர்2, லெட்டர் பைனல் என்று பல பெயர்களில் சேமிக்கிறோம் அல்லவா? அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் இலவச சாப்ட்வேர் இது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கினார். பைல்களும் அவற்றின் பழைய வடிவங்களும் சேர்ந்த தொகுப்பை ரெப்பாசிட்டரி என்பார்கள்.

எந்த வேலை மெதுவாக நடக்கிறது என்று அவரிடம் கேட்டேன். இரண்டும் என்றார்: கல்லூரி லேபில் ரெப்பாசிட்டரியைப் பிரதி எடுப்பது, வீட்டில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுப்பது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது, டெமோ வீடியோக்களை அதில் சேர்த்துப் பிறகு அழித்திருந்தார். அழித்தால் போய்விடுமா? பழையதை மறக்காமல் வைத்திருப்பதுதானே கிட்டின் வேலை! முழுப் பிரதி எடுக்கும்போதெல்லாம் அந்த வீடியோக்களும் சேர்ந்தே இறங்கும். 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ்' கட்டளை கொடுத்தால் உள்ளே எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்று தெரியும். கடைசி வடிவம் மட்டும் போதுமென்றால் பிரதி எடுக்கும்போது 'டெப்த் 1' என்று குறிப்பிடலாம்.

இரண்டாவது, இன்டர்நெட்டில் இருந்து எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய லைப்ரரி பைல்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்திருந்தார். ஸ்டேட்டஸ் கேட்கும்போது, கண்காணிப்பில் உள்ள ஒவ்வொரு பைலும் மாறியிருக்கிறதா என்று கிட் பார்க்கிறது. இங்கே பைலின் அளவைவிட எண்ணிக்கையே பெரிய சுமை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. விண்டோஸின் ரெப்பாசிட்டரியில் சுமார் 35 லட்சம் பைல்கள். அளவு ஏறத்தாழ 300 ஜிபி. பிரதி எடுக்க 12 மணி நேரத்துக்கு மேல், ஸ்டேட்டஸுக்கு ஏறக்குறைய 10 நிமிடம். அவர்களிடம் இல்லாத ராமா? ஆனால் தேவைப்படும் பைலை மட்டும் தேவைப்படும்போது கொண்டுவரும் சாப்ட்வேரை எழுதி, 2017-ல் வெளியிட்டார்கள். பிரதி எடுப்பது சில நிமிடங்களில் முடிந்தது.

சில சமயம் ராம் பற்றாக்குறையும் உண்மையாக இருக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். வழக்கமான வேலையின்போதே அது 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் பணம் பையிலேயே இருக்கட்டும். அந்த மாணவரின் வீட்டில் தவணைப் பேச்சு இப்போது இல்லை.