கை தூக்கினால் போதும்

அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் 37-ஆம் எண்ணுக்கு உரியவர் யார் என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொருவராக, "உன் எண் என்ன?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். அல்லது, "37 யாரோ, கை தூக்குக!" என்று ஒரே முறை சொல்லலாம். முதல் வழியில் உபாத்தியாயரின் தொண்டை வற்றும். இரண்டாவதில் அறுபது பேரும் ஒரே க்ஷணத்தில் தத்தம் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கை மட்டும் உயரும்.

கணிப்பொறிக்குள்ளும் இந்த இரண்டாவது வழியில் நடக்கும் நினைவகம் ஒன்று உண்டு. சாதாரண நினைவகத்திடம் வீட்டு எண்ணைச் சொன்னால், குடியிருப்பவர் யார் என்று கூறும். இதனிடமோ ஆளின் பெயரைச் சொன்னால் வீட்டையே காட்டிவிடும். இன்டர்நெட் செய்திகளை வழி பிரித்து அனுப்பும் யந்திரங்கள் இதைக் கையாளுகின்றன.

இவ்வளவு நல்லதை எங்கும் வைத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். வேகத்துக்கு விலை உண்டு. தகவலின் ஒரு துளியை வைத்திருக்க வழக்கமாக 6 டிரான்சிஸ்டர்கள் போதும். ஒப்பிடும் திறமையும் வேண்டுமானால் சுமார் 10 தேவை. தவிர, ஒவ்வொரு கேள்விக்கும் அத்தனை அறைகளும் விழித்தெழுவதால் மின்சாரம் செலவாகிச் சூடும் ஏறுகிறது.

ஆகவே நிபுணர்கள் நடுவழி ஒன்று கண்டார்கள். அறுபது பேரையும் எண்ணுக்குத் தக்கபடி பதினைந்து பெஞ்சுகளில் அமர்த்திவிட்டால், 37-க்கு உரிய பெஞ்சு எது என்பது எண்ணிலிருந்தே விளங்கும். அந்தப் பெஞ்சின் நால்வரை மட்டும் கேட்டால் போதும். கணிப்பொறியின் மூளையாகிய செயலிக்கு அருகிலேயே இருக்கும் சிறு நினைவகம் பெரும்பாலும் இம்முறையில்தான் அமைகிறது.

இதெல்லாம் அயல் நாட்டார் வித்தை என்று எண்ண வேண்டாம். தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் கிண்டி வந்துவிடும். அதன் அருகே உள்ள ஐ.ஐ.டி.யில் வகுத்த 'சக்தி' செயலிகள் 2018-ல் சிப்பாக உருப்பெற்றன. ஒன்று அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. மற்றொன்று நம் சண்டிகரை அடுத்த மொகாலியிலேயே வார்க்கப்பட்டது. முன்னதன் நுணுக்கம் 22 நானோமீட்டர். பின்னதன் நுணுக்கம் 180. வார்க்கும் தொழிலில் நாம் கடக்க வேண்டிய தூரத்தை இவ்விரு எண்களே சொல்லிவிடுகின்றன.

ஆனால் வகுக்கும் அறிவு நம்மிடம் இருக்கிறது. 'சக்தி'யின் அமைப்பை யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தியும் அமைக்கலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். டெலிபோனை விரலால் தேய்க்க நம் குழந்தைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனுள்ளே யார் யாரைக் கேட்கிறார்கள், எந்தக் கை உயர்கிறது என்பதைக் கற்பிப்பதே பெற்றோரும் உபாத்தியாயர்களும் செய்யவேண்டிய காரியம் என்பது நமது அபிப்பிராயம்.