விளக்கை அணைப்பது நோயறிதல் ஆகாது

“சென்சார் போயிருக்கும், மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.” தில்லியின் பழைய கார்ச் சந்தைகளில், ஆயில் எச்சரிக்கை விளக்கு எரியும் காருக்கு முதலில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். பானட்டைத் திறந்த அரை நிமிடத்தில், எதையும் அளக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு. சில நூறு ரூபாயில் சிக்கல் தீர்ந்தது என்ற நிம்மதியோடு வாங்கியவர் வீடு திரும்புகிறார். தீர்ப்பு பிழையாக இருந்தால் அதே எஞ்சின் பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் இறுகி நிற்கிறது; பழுதுச் செலவு காரின் விலையில் பெரும்பங்கை விழுங்குகிறது. சேமிப்பைத் திரட்டி முதல் கார் வாங்கிய தற்காலிக விரிவுரையாளருக்கு அது பல மாதச் சம்பளம். இந்த அரை நிமிடத் தீர்ப்பை அனுபவ அறிவு என்று மதிப்பதை நிறுத்தியாக வேண்டும்.

விளக்கு எதைச் சொல்கிறது என்பதிலிருந்தே விவாதம் தொடங்க வேண்டும். எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதைக் காட்டுவது டிப்ஸ்டிக். அந்த ஆயில் போதிய அழுத்தத்தோடு பாய்கிறதா என்பதைக் காட்டுவது விளக்கு. பெரும்பாலான சிறிய கார்களில் அதன் பின்னால் இருப்பது, ஆயில் வழியில் திருகப்பட்ட ஓர் எளிய ஸ்விட்ச். அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் வரையிலான ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரியும். மேலே இருந்தால் அணைந்திருக்கும். ஆகவே விளக்கு சொல்வது உண்மையானால், அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கிறது என்பது பொருளன்று. அநேகமாக இல்லை என்பதே பொருள். கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைத்திருப்பது தலைமுடியினும் மெல்லிய ஆயில் படலம். அது அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

புகையைக் கொண்டு நெருப்பை அனுமானிப்பது பற்றி மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விரித்துரைக்கிறார். ஏதுப்போலிகளை அங்கே அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக வகுக்கிறார். நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவால் எதையும் நிறுவ இயலாது, அது அநைகாந்திகத்தின்பாற்படும். தனித்து நிற்கும் ஆயில் விளக்கு அத்தகைய ஏது. அழுத்தம் வீழ்ந்தாலும் எரியும்; ஸ்விட்ச் கெட்டாலும் எரியும்; கம்பியின் உறை தேய்ந்து எஞ்சின் உடலில் பட்டாலும் எரியும். விளக்கை மட்டும் கண்டு ‘எஞ்சின் போயிற்று’ என்பவரும் ‘சென்சார் போயிற்று’ என்பவரும் செய்வது ஒரே தருக்கப் பிழை. ஆனால் இரண்டின் விலையும் ஒன்றன்று. எஞ்சினைத் தவறாக ஐயுற்றுச் சோதித்தால் ஒரு மணி நேரம் வீணாகும். சென்சாரைத் தவறாகப் பழித்தால் எஞ்சினே வீணாகும்.

சரியான வரிசை எளியது. ஓடும்போது விளக்கு எரிந்தால் காரை ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். ‘அடுத்த மெக்கானிக் கடை வரைதானே’ என்ற எண்ணம் எஞ்சினைக் கொன்றுவிடக்கூடும். சமதளத்தில் சில நிமிடங்கள் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் நிரப்பலாம். இருந்த ஆயில் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு மட்டும் அதனால் விடை கிடைக்காது. ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். பெட்ரோல் வாசம் அடித்தால் எரிபொருள் கலந்து நீர்த்திருக்கலாம். அளவும் தன்மையும் சரியென்றால் ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தி அளக்க வேண்டும்: குளிர்ந்த நிலையில் ஒரு முறை, நன்கு சூடேறிய பின் ஐட்லிங்கில் ஒரு முறை, நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்றுகளில் ஒரு முறை. மூன்று எண்களையும் அந்த எஞ்சினுக்குரிய சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

எண்கள் வந்ததும் ஊகத்தின் இடம் சுருங்கிவிடுகிறது. மூன்றும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் குற்றம் ஸ்விட்சினுடையது அல்லது கம்பியினுடையது. குளிரில் நன்றாக நின்று, சூடேறிய பின் ஐட்லிங்கில் மட்டும் சரிந்தால் தேய்ந்த பேரிங்கையும் பம்பையும் நீர்த்த ஆயிலையும் ஐயுற வேண்டும். எல்லா வேகத்திலும் தாழ்ந்தே இருந்தால் ஆயிலை உறிஞ்சும் சல்லடை கசடால் அடைபட்டிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

அளக்க மறுக்கும் வழக்கத்துக்கு இன்னொரு மருந்தும் உண்டு: கெட்டியான ஆயில். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் அழுத்தம் உயரும், விளக்கு அணையும். பேரிங்கின் தேய்மானம் அப்படியே இருக்கும். பேரிங் இடைவெளியின் வழியே நிகழும் கசிவு இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது; இடைவெளி இரு மடங்கானால் கசிவு ஏறத்தாழ எட்டு மடங்கு. எட்டு மடங்கு கசிவை ஒரு டப்பா கெட்டி ஆயில் சில காலம் மறைக்கலாம். பெரும்பாலும் கார் கைமாறும் வரை. இதனினும் கொடியது, ஸ்விட்சின் கம்பியையே கழற்றிவிட்டு விற்பது. பெரும்பாலான கார்களில் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பார்த்தால் ஆயில் விளக்கு எரிய வேண்டும். கிளப்பிய சில நொடிகளில் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு நலத்துக்குச் சான்றாகாது. சாட்சியின் வாய் கட்டப்பட்டிருக்கலாம்.

மெக்கானிக் தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்விட்சுகள் உண்மையிலேயே அடிக்கடி கெடுகின்றன. அளந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டால், ‘ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?’ என்கிறார் வாடிக்கையாளர். பொருளுக்கும் கூலிக்கும் பணம் தரும் சமூகம் நோயறிதலுக்குத் தர மறுக்கிறது. ஆகவே பொருள் மாற்றுவதே நோயறிதலாகிவிட்டது. இந்தக் குற்றத்தில் பானட்டின் இரு பக்கமும் நிற்பவர்களுக்குப் பங்கு உண்டு.

படித்தவர்களின் பங்கு இன்னும் பெரிது. ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக்கி எழுதிய கட்டுரை பொருளியல் வகுப்புகளில் தவறாமல் பாடமாகிறது. 2001இன் நோபல் பரிசு அந்த ஆய்வு மரபுக்கே கிடைத்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாததால் சந்தை சீர்குலையும் என்று பலகையில் எழுதிவிட்டு வகுப்பறையை விட்டு வெளியேறும் ஆசிரியர், தாமே வாங்கும் காரில் அந்தத் தெரியாமையை நீக்கும் கேஜைக் கேட்பதில்லை. கேட்பது கௌரவக் குறைவு எனக் கருதுகிறார். கையறிவைத் தாழ்த்திய சாதி மனம் தருக்க நூல்களைப் பாராட்டிக்கொண்டே, தருக்கம் செயலாகும் இடத்தை அழுக்கென்று ஒதுக்குகிறது. அளந்த பின்பே பேசும் மெக்கானிக், அளக்காமல் கோட்பாடு பேசும் அறிஞரைவிட ஆய்வாளர் என்ற சொல்லுக்கு நெருக்கமானவர்.

தில்லியில் இது தனிமனிதச் சிக்கல் மட்டுமன்று. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. பின்னர் தளர்வுகள் வந்தபோதிலும், வயது நெருங்கிய வண்டிகள் தடையில்லாச் சான்றோடு பிற மாநிலங்களுக்கு விலைபோகும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று என எல்லாத் தாள்களும் உடன் பயணிக்கின்றன. எஞ்சினின் இரத்த அழுத்தத்தைச் சொல்லும் ஒரு வரி எந்தத் தாளிலும் இல்லை.

அந்த வரியைக் கேட்பதே இனி வாங்குபவரின் முதல் கடமை. சூடேறிய எஞ்சினில் ஐட்லிங்கில் எவ்வளவு, 3000 சுற்றில் எவ்வளவு, ஊற்றியிருக்கும் ஆயில் எது என்ற மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு எழுதச் சொல்ல வேண்டும். அளந்து சொன்னவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் கூலியைத் தயங்காமல் தர வேண்டும். அளக்க விடமாட்டேன் என்னும் விற்பனையாளரிடம் பேரம் பேசத் தேவையில்லை; மறுப்பே அவர் தரும் அளவு.