பூச்சியின் ஹார்மோனைக் குலைக்கும் மருந்துகள்: எங்கள் நிலைப்பாடு

திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்திலும் சுற்றுத் தெருக்களிலும் குடியிருப்போரும், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறிப் பகுதி உழவர்களும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. பூச்சிகளின் ஹார்மோனைக் குலைக்கும் வேதிப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கி வீட்டிலும் வயலிலும் பயன்படுத்துவது பற்றி எங்கள் கருத்தை இங்கே அறிவிக்கிறோம்.

தேக்கி வைத்த நீரில் வளரும் கொசுவுக்கும், குறிப்பிட்ட சில பயிர்ப் பூச்சிகளுக்கும் இவற்றைப் பயன்படுத்துவதை ஆதரிக்கிறோம். ஆற்றிலும் வாய்க்காலிலும் இவை கலப்பதை எதிர்க்கிறோம். ‘எந்தத் தீங்கும் இல்லாதது’ என்று சொல்லி விற்பதையும் எதிர்க்கிறோம்.

ஏன் ஆதரிக்கிறோம்?

2017இல் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் பருத்திக்கு மருந்து அடித்த உழவர்கள் உயிரிழந்தார்கள். பழைய மருந்துகளில் பல நரம்பைத் தாக்குபவை. பூச்சிக்கும் மனிதருக்கும் நரம்பு ஏறத்தாழ ஒரே விதமாகவே வேலை செய்வதால், அடிக்கப்படும் பூச்சியோடு அடிக்கிறவரும் ஆபத்தில் இருக்கிறார்.

ஹார்மோன் மருந்தின் வழி வேறு. இளம்பருவ ஹார்மோன் இருக்கும்வரை புழு புழுவாகவே இருக்கும். அது வடிந்த பிறகே பூச்சியாக உருமாறும். வடிய வேண்டிய நேரத்தில் அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருளைக் கொடுத்தால் உருமாற்றம் பாதியில் நின்று பூச்சி சாகும். 1965இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட ஐரோப்பியப் பூச்சியினம் ஒன்று முதிர்ச்சி அடையாமலே இறந்தது. வளர்ப்புப் பாத்திரத்தில் விரித்திருந்த காகிதமே காரணம் என்று கரெல் ஸ்லாமாவும் கரோல் வில்லியம்ஸும் கண்டறிந்தார்கள். காகிதத்துக்கு மூலமான மரத்தில் அந்த ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்தது. 1970களில் இவ்வகைச் செயற்கை மருந்தான மெத்தோபிரீன் சந்தைக்கு வந்தது. பைரிப்ராக்சிஃபென் அதன் பின் வந்தது. மனித உடலில் இந்த ஹார்மோன் கிடையாது என்பதே எங்கள் ஆதரவின் அடிப்படை.

எங்கே பொருந்தும்?

கொசுப்புழு நம்மைக் கடிப்பதில்லை, கொசுதான் கடிக்கிறது. ஆகவே புழு சில நாள் உயிரோடு இருந்தாலும் கொசுவாகாமல் போனால் போதும். குடிநீரில் பைரிப்ராக்சிஃபென் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்தக் கணக்கில் 1,000 லிட்டர் தொட்டிக்கு 0.5 சதவீதக் குருணை 2 கிராம்தான். மறுநாள் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போடுவது தவறு.

வயலில் நிலைமை வேறு. இலையைத் தின்னும் புழுவின் இளம்பருவத்தை நீட்டினால் சேதமும் நீளும். அங்கே தோலுரிப்பைக் கெடுக்கும் மருந்துகளே உதவும். நெல்லில் புகையானுக்கு அடிக்கும் புப்ரோஃபெசின் குஞ்சுகளைத் தோலுரிக்கவிடாமல் கொல்லும். வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. பலன் தெரியவில்லை என்று இதோடு நரம்பு நஞ்சைக் கலந்து அடித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்துப் புகையான் மேலும் பெருகும்.

எங்கள் அச்சங்கள்

இறாலும் நண்டும் நீர்ப்பூச்சிகளும் தோலுரித்து வளர்பவைதான். உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ காவிரியிலோ, தோலுரிப்பைக் கெடுக்கும் டைஃப்ளுபென்சுரான் போன்றவை கலந்தால் அவையும் அழியும். மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழு கூடு கட்டாது. தன் ஹார்மோனையே பூச்சி எதிர்க்காது என்று முன்பு நம்பினார்கள். ஆனால் 1990களில் இஸ்ரேலில் வெள்ளை ஈக்கள் சில ஆண்டுகளிலேயே பைரிப்ராக்சிஃபெனுக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டன.

எங்கள் கோரிக்கைகள்

1. திருச்சிராப்பள்ளி மாநகராட்சி இம்மருந்துகளைத் தேங்கிய நீரில் மட்டும் பயன்படுத்த வேண்டும். அளவையும் தேதியையும் வீட்டாருக்கு எழுதித் தர வேண்டும். புழு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. கொசு வெளிவருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

2. எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில், எத்தனை நாளில் பலன் தெரியும் என்பதை மருந்துக்கடைகள் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

3. வேளாண்மைத் துறை ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கக்கூடாது.

4. புதிய சேர்மங்களை உருவாக்கும் கல்லூரி ஆய்வகங்கள் கொசுப்புழு சாகிறதா என்பதோடு நிறுத்தாமல் மீன்குஞ்சு, இறால், தேனீ, பட்டுப்புழு ஆகியவற்றிலும் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும்.

5. வேம்புக்கே முதலிடம் தர வேண்டும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டினும் பூச்சியின் தோலுரிப்பு ஹார்மோனைத்தான் குலைக்கிறது. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்க 2007 வரை ஆயிற்று. நம் ஊர் மரத்தடியில் அது உதிர்ந்து கிடக்கிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு என்ற கணக்கில் 5 சதவீதக் கரைசலை முதலில் அடித்துப் பார்க்கட்டும். அதற்கும் அடங்காத பூச்சிக்கே கடை மருந்து.

இக்கோரிக்கைகளில் எங்கள் பங்கும் உண்டு. எங்கள் உறுப்பினர்கள் வாரம் ஒருநாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பார்கள். எங்கள் உழவர்கள் வாய்க்கால் கரையில் தெளிப்பான் கழுவ மாட்டார்கள். ஓடும் நீரில் இம்மருந்து ஊற்றப்பட்டால் அதை ஊற்றியவர் எங்கள் உறுப்பினரே ஆனாலும் நாங்களே புகார் கொடுப்போம்.