அக்கரைச் சீமையில் ஒரு வடைக்கார அம்மாள்

பிரேஸில் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? காப்பி, கால்பந்து, அமேஸான் காடு. இந்த மூன்றையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வாரம் அந்த நாட்டின் கிழக்குக் கரையில், பாஹியா மாகாணத்தில் இருக்கும் ஸால்வடோர் பட்டணத்துக்குப் போவோம். அங்கே தெருமுனையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளின் எதிரில் போய் நிற்போம்.

ஸால்வடோர் சாமான்யமான ஊர் அல்ல. 1549-ல் போர்ச்சுகீசியர் நிர்மாணித்த நகரம். 1763 வரை பிரேஸிலின் தலைநகரமாக இருந்தது. ஊர் இரண்டு அடுக்கு. கீழே குடாக்கடலை ஒட்டித் துறைமுகமும் கடைவீதியும். செங்குத்தான மேட்டின் மேல் மாதா கோயில்களும், வர்ணம் பூசிய பழைய வீடுகளும். மேலூரையும் கீழூரையும் இணைக்க 1873-ல் ஒரு லிப்ட் வைத்தார்கள். நாம் பஸ் ஏறுவது போல அந்த ஊர் ஜனங்கள் அதில் ஏறி இறங்குகிறார்கள்.

பொழுது சாயும் வேளையில் தெருவில் ஒரு வாசனை கிளம்பும். மூக்கைத் தொடர்ந்து போனால் போதும், அம்மாள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். வெள்ளை வெளேரென்று சரிகைப் பின்னல் வைத்த மேற்சட்டை, குடை போல் விரிந்த பாவாடை, தலையில் வெள்ளை முண்டாசு, கழுத்தில் வண்ண வண்ண மணிமாலைகள், தோளில் ஒரு துண்டு. எதிரில் மரத்தட்டு. பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. இவர்களுக்கு 'பையானா' என்று பெயர். பாஹியாக்காரி என்று அர்த்தம். இவர்கள் விற்கும் பண்டம் அக்கராஜே.

அது என்ன பண்டம் என்று கேட்பீர்கள். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். காராமணியை உடைத்து ஊற வைத்து, தோலைக் கழுவிக் களைந்து, நைஸாக அரைக்க வேண்டும். வெங்காயமும் உப்பும் சேர்த்து, மாவு உப்பிப் பஞ்சு போல் ஆகும் வரை மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். பிறகு கரண்டியால் எடுத்து எண்ணெயில் போட வேண்டியதுதான். நம் வீட்டு வடை மாவைப் பொங்க அரைத்துப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை!

இன்னொரு வேடிக்கை. மான்யுவெல் கேரினோ என்னும் பாஹியா அறிஞர், அந்தக் காலத்தில் இந்த மாவை எப்படி அரைத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு கல் பலகை. மேல்புறம் உளியால் கொத்தியது. அதன் மீது உருண்டைக் கல் ஒன்றை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்களாம். அம்மியும் குழவியும் என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம்.

வித்தியாசம் எண்ணெயில் இருக்கிறது. செம்பனைப் பழத்திலிருந்து எடுக்கும் தெந்தே எண்ணெய் அது. செக்கச் செவேலென்று இருக்கும். வெந்த பண்டத்தை நடுவில் பிளந்து உள்ளே 'வத்தப்பா' என்ற விழுதை வைப்பார்கள். ரொட்டி, தேங்காய்ப் பால், உலர்ந்த இறால், வேர்க்கடலை, முந்திரி எல்லாம் சேர்த்துக் கிண்டியது அது. கூடவே வெண்டைக்காய்க் கூட்டு ஒன்றும் உண்டு. (நம் பாயசத்தில் மிதக்கும் முந்திரிக்குப் பிறந்தகம் இதே வடகிழக்குப் பிரேஸில்தான். போர்ச்சுகீசியரின் கப்பல் ஏறி 16-ம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது.) எண்ணெய் ஆகாதவர்களுக்கு, அதே மாவை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேக வைத்த 'அபரா' இருக்கிறது. கொடுப்பதற்கு முன் அம்மாள், "சூடாகவா?" என்று கேட்பாள். அவசரப்பட்டுத் தலையை ஆட்டிவிடக் கூடாது. மிளகாய் வைக்கட்டுமா என்பதுதான் அதற்கு அர்த்தம்!

இனி கொஞ்சம் கசப்பான சமாசாரம். இந்தப் பண்டம் பிரேஸிலில் பிறந்தது அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்கள் இதை 'அகாரா' என்கிறார்கள். நைஜீரியாவில் இன்றும் தெருவோரங்களில் விற்கிறது. அடிமை வியாபாரம் நடந்த மூன்று நூற்றாண்டுகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் பிரேஸிலில் கொண்டு வந்து இறக்கப்பட்டார்கள். ஸால்வடோர் மேலூரின் பழைய பகுதிக்குப் 'பெலோரீனியோ' என்று பெயர். சாட்டையடிக்கும் கம்பம் என்று பொருள். அங்கே கட்டி வைத்து அடித்தார்கள். இன்று உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

நகரத்து எஜமானர்கள் பலர் தங்கள் அடிமைப் பெண்களைத் தெருவில் பண்டம் விற்க அனுப்பினார்கள். நாள்தோறும் இவ்வளவு காசு எஜமானுக்குக் கட்டிவிட வேண்டும், மிஞ்சியது அவளுக்கு. அந்த மிச்சக் காசை முடிச்சில் சேர்த்து வைத்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. பெற்ற பிள்ளையின் விடுதலையை வாங்கியவர்களும் உண்டு. வருஷக்கணக்கில் தலையில் தட்டைச் சுமந்து, பெற்ற பிள்ளைக்கே விலை கொடுப்பது என்றால் எப்படி இருந்திருக்கும்! 1888 மே 13-ந் தேதிதான் அந்த நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தட்டும் எண்ணெய்ச் சட்டியும் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டே இருந்தன.

இதில் பக்தியும் கலந்திருக்கிறது. காற்றுக்கும் மின்னலுக்கும் அதிதேவதையான இயான்ஸாவுக்கு உகந்த நைவேத்தியம் அக்கராஜே. ஆப்பிரிக்கர் கொண்டு வந்த கந்தோம்ப்ளே மதத்தின் தேவதை அவள். அம்மாளின் கழுத்து மணிகள் வெறும் அலங்காரம் அல்ல. அவளுடைய தெய்வத்தின் நிறம் அவற்றில் இருக்கும். சமீப காலத்தில் புதிய கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்த சிலர், இதே பண்டத்தை 'இயேசுவின் பண்டம்' என்று பெயர் மாற்றி விற்கத் தொடங்கினார்கள். மூத்தவர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு யார் வேண்டுமானாலும் விற்கட்டும், பாட்டிமார் வைத்த பெயரை ஏன் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

2005-ல் பிரேஸில் அரசாங்கம் இந்தத் தொழிலைத் தேசத்தின் கலாசாரச் செல்வமாகப் பதிவு செய்தது. கட்டடத்துக்கும் சிலைக்கும் செய்வதை வடை சுடும் கைக்கும் செய்தார்களே என்று நாம் சந்தோஷப்படலாம். ஆனால் பதிவுப் புத்தகம் ஒன்று, பிழைப்பு வேறொன்று. 2014 உலகக் கால்பந்துப் போட்டிக்காக ஸால்வடோரின் பழைய மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். போட்டி சமயத்தில், பணம் கட்டி உரிமை பெற்ற கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் மைதானத்தின் அருகில் கடை போடக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. பழைய மைதானத்தில் காலங்காலமாக விற்று வந்த அம்மாள்களின் கதி என்ன?

அவர்கள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1992-லேயே சங்கம் அமைத்திருந்தவர்கள் ஆயிற்றே! மனு எழுதினார்கள், 17,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2013 ஏப்ரலில் புது மைதானம் திறந்தபோது, வெள்ளைப் பாவாடையும் முண்டாசுமாக வந்து போராடினார்கள். கடைசியில் ஃபிஃபா இறங்கி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் நடந்த பந்தயங்களின்போது ஆறு பையானாக்கள் மைதான வளாகத்தில் அக்கராஜே சுட்டு விற்றார்கள். ஆறே பேர்தானா என்று தோன்றும். ஒருவரும் கூடாது என்று இருந்த இடத்தில் ஆறு சட்டிகள் வைத்தது சின்ன விஷயம் அல்ல.

ஸால்வடோரில் கடலோரமாக ரியோ வெர்மெல்யோ என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு சதுக்கம். தேசப்படத்தில் பார்த்தால் 'சாந்தானா சதுக்கம்', அதாவது மேரி மாதாவின் தாயார் அன்னம்மாளின் பெயர் போட்டிருக்கும். ஆனால் உள்ளூரில் யாரைக் கேட்டாலும் 'தீன்யா சதுக்கம்' என்பார்கள். தீன்யா ராணியும் அல்ல, மந்திரியும் அல்ல. அந்த இடத்தில் அக்கராஜே விற்றவர். 2008-ல் காலமாகிவிட்டார். அவர் குடும்பத்தார் அதே இடத்தில் அடுப்பு மூட்டி வருகிறார்கள்.