உப்புக் காற்று என்றொரு சாக்கு

புன்னக்காயலில் புது வீட்டுச் சீலிங்கில் ஒரு குறை கண்ணில் பட்டால் பதில் தயாராக இருக்கிறது: "கடக்கரை ஊரு, உப்புக் காத்து. என்னத்தச் செய்ய?" கொத்தனார் சொல்கிறார், கம்பி கட்டியவர் சொல்கிறார், கடைசியில் கடன் வாங்கிக் கட்டியவரும் அதையே சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார்.

என் மைத்துனர் வீட்டுத் தளத்துக்குச் செண்ட்ரிங் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். பலகை இறங்கியதும் ஹாலின் நடுவே கம்பி ஓடும் தடம் வரிவரியாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு மேலே மூலையில் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு ஒரு தேன்கூடு. கொத்தனார் அண்ணாந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. "பூச்சுல மறஞ்சிரும் அண்ணாச்சி. இங்க காத்து அப்படி." தளம் போட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பலகைக்கு அடியில் புகுந்து எந்தக் காற்று தின்றதாம்?

காற்றில் உப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர், சுற்றிலும் உப்பளம். ஆனால் அந்த உப்பு கம்பியைத் தொட வழி வேண்டும். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைக் காத்து நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்தால் துரு பிடிக்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கீழே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். ஆக, கம்பிக்குக் கீழே எவ்வளவு காங்கிரீட், எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை 2000ஆம் ஆண்டிலிருந்து அச்சில் இருக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறியீடு கடலோரச் சூழலை 'கடுமையானது' என்று வகைப்படுத்தி, எம்30 தரக் காங்கிரீட்டும், கம்பியைப் போர்த்தும் காங்கிரீட்டாக, அதாவது கவராக, 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. உப்புக் காற்று நேரே படாத உள்ளறைக்கும் 30 மில்லிமீட்டர். உள்நாட்டில் பத்திரமான இடத்துக்குத்தான் எம்20, 20 மில்லிமீட்டர். நம் தளங்களில் கம்பிக்கு அடியில் என்ன வைக்கிறார்கள்? அங்கொன்று இங்கொன்றாக ஒரு கவர் பிளாக். அது தீர்ந்துபோனால் ஒரு ஜல்லித் துண்டு. அதையும் கம்பி மேல் நடப்பவர் கால் தட்டிவிட்டுப் போகும்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். அதே குறியீட்டின்படி கடலோரத்தில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. 15 லிட்டர் குடத்தில் ஒன்றரைக் குடம். ஈர மணல் கொண்டுவரும் தண்ணீரும் இதில் கணக்கு. "கலவை இறங்க மாட்டேங்குது" என்று இன்னொரு குடம் சாய்க்கும்போது, பின்னாளில் உப்பு நுழையும் நுண்துளைகளை நாமே போட்டுக் கொடுக்கிறோம். அந்தக் குடத்தில் இருப்பது எந்தத் தண்ணீர்? கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு. கடல்நீரில் ஏறத்தாழ 19,000. நாற்பது குடத்தில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே கணக்கு முடிந்தது. வாயில் வைத்தால் கரிக்கிற போர்த் தண்ணீரில் கலவை போட்டு, அதையே பாத்தி கட்டி நிறுத்தி நனைத்துவிட்டு, காற்றின் மேல் பழி போட என்ன நியாயம் இருக்கிறது? குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும்.

"அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடமெல்லாம் நிக்கலியா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நிற்கிறது, அதே காற்றில். அதற்குள் துருப்பிடிக்கக் கம்பி கிடையாது.

பூச்சு காப்பாற்றும் என்பது இந்தச் சாக்கின் தம்பி. சீலிங்கில் பூசுவது ஆறு மில்லிமீட்டர் சாந்து. குறைந்துபோன கவருக்கு அது ஈடாகாது. குறையைக் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். பூச்சை நம்புகிறவர்கள் 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பை நினைத்துக்கொள்ளட்டும். புத்தம் புது அடுக்குமாடியில் கை பட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்து, ஐ.ஐ.டி. வந்து ஆய்வு செய்ய நேர்ந்தது.

அடுக்குமாடி வாங்கியவருக்காவது ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு இருக்கிறது. சொந்த மனையில் கொத்தனாரை வைத்துக் கட்டுகிறவருக்கு அந்தக் காகிதமும் இல்லை. அவர் கையில் இருப்பது கடைசித் தவணைப் பணம் ஒன்றுதான். பூச்சு வேலைக்கு முன்னால் அதைக் கொடுத்துவிடுகிறவர்களை என்ன சொல்வது!

பூச்சு வேலையைத் தொடங்கவிடாமல் மைத்துனரை மல்லுக்கட்டித்தான் நிறுத்தினேன். பொறியாளர் ஒருவர் வந்தார். முதலில் முட்டுகளைத் திரும்ப நிறுத்தச் சொன்னார். பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தார். 'டங்' என்ற இடத்தை விட்டுவிட்டு 'டொப்' என்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். பொத்தலான காங்கிரீட்டைக் கெட்டி வரும்வரை கொத்த வேண்டும், கம்பியைப் பின்பக்கம் வரை தேய்க்க வேண்டும், நல்ல தண்ணீரில் கழுவி, பாலிமர் கலந்த சாந்தால் இறுக்கி அடைக்க வேண்டும் என்றார். ஹாலில் தடம் தெரிந்த இடத்தின் கவரைக் கருவி வைத்து அளந்த பிறகே அதைப் பற்றிப் பேச்சு என்றும் சொல்லிவிட்டார்.

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே அந்த ஜன்னல் மூலையை உளியால் கொத்தினார். மூன்றாவது அடியில் ஜல்லியோடு சேர்ந்து ஏதோ விழுந்தது. பலகை இடுக்கை அடைக்க மடித்துச் செருகிய சிமெண்ட் சாக்குத் துண்டு. கம்பெனி பெயர்கூட அழியாமல் இருந்தது.