கோடைக்கால ஆராய்ச்சி யார் வீட்டுப் பிள்ளைக்கு?

சித்திரை, வைகாசி பிறந்துவிட்டால் திசையன்விளைத் தேரிக்காட்டுப் பனையேறிக் குடும்பத்துக்கு ஓய்வு ஏது? பதநீர் இறக்குகிறவர் ஒருவர். அதைக் காய்ச்சுகிறவர் ஒருவர். விறகு பொறுக்கவும் கருப்பட்டி ஊற்றவும் பள்ளி விட்ட பிள்ளைகள். பீடி சுற்றும் வீட்டிலும் இதே கதைதான். கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தால், கூடுதலாக இரண்டு கைகள் வந்தன என்பதே கணக்கு.

அதே இரண்டு மாதத்தில் இந்நாட்டின் வேறு சில மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் மருத்துவ உயிரியல் சோதனைச்சாலைகளில் எட்டு, பத்து வாரம் நின்று பழகுகிறார்கள். புற்றுநோய் உயிரணுவை வளர்த்துப் பார்க்கிறார்கள். மருந்து அதை என்ன செய்கிறது என்று குறித்து வைக்கிறார்கள். திரும்பும்போது பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் கையில் இருக்கிறது. பின்னால் மேற்படிப்புக்கு மனுப் போடும்போது அந்தக் கடிதத்துக்கு இருக்கும் கனம் மதிப்பெண்ணுக்குக் கூட இல்லை.

“கூலியும் பஞ்சப்படியும் கேட்கிற நமக்குச் சீமைப் படிப்பு எதற்குத் தோழர்?” என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் நிற்கும் தோழர்களே, யானைக்கால் ஒழிப்புக்கு வீடு வீடாகக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரைகளில் ஒன்று டைஎதில்கார்பமசின். 1940களில் அமெரிக்காவில் லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கி அதை உருவாக்கியவர் யார்? 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அறுவை வகுப்பில் கதர் அங்கி அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். 1920களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டனுக்குக் கப்பலேறியபோது உபகாரச் சம்பளம் கிடையாது. மாமனாரின் பணம், ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவி. அங்கே ஆஸ்பத்திரியில் இரவுச் சிப்பந்தியாக வேலை பார்த்துப் பகலில் படித்தார். மாமனாருக்கு வசதி இல்லாத சுப்பாராவ்கள் எங்கே போனார்கள் என்று எந்தச் சரித்திரமும் எழுதவில்லை.

ஹர்கோவிந்த் கொரானாவின் கதை வேறு. பஞ்சாபில் சுமார் 100 பேர் வாழ்ந்த சிற்றூரில் ஒரு பட்வாரியின் மகன் (நம்மூர்க் கர்ணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). 1945இல் அவரை லிவர்பூலுக்கு அனுப்பியது சர்க்கார் பணம். 1968இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நடுவில் நடந்தது என்ன? 1949இல் தாய்நாடு திரும்பியவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. மறுபடி சீமைக்கே போனார். போன பிள்ளை திரும்பவில்லை என்று திட்டுவது எளிது. திரும்பி வந்தவனுக்கு எந்த நாற்காலியைப் போட்டு வைத்திருந்தோம்?

அவர் பெயரிலேயே 2007இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் இந்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் சேர்ந்து ஒரு கோடைக்காலத் திட்டம் தொடங்கின. விமானக் கட்டணமும் உபகாரச் சம்பளமும் உண்டு. நல்லது. ஆனால் இப்படிப் பணம் கொடுத்து அழைக்கும் இடங்கள் கொஞ்சம். மாணவன் தானே பேராசிரியருக்கு எழுதி இடம் பிடித்தால், பெரும்பாலும் சம்பளமில்லாத வேலைதான். விமானச் சீட்டு, விசா, காப்பீடு, வாடகை எல்லாம் தகப்பன் தலையில். போதாததற்கு, அங்கே தங்கும் நாளுக்குப் பணம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். பீடிக்கட்டுக்குக் கூலி வாங்கும் தாய் எந்தப் பாங்கில் காட்டுவாள்?

கதவு அவர்கள் கையில் இருப்பதையும் மறக்கக் கூடாது. 2025 மே கடைசியில் அமெரிக்கா உலகெங்கும் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தி, ஜூன் மத்தியில்தான் திறந்தது. பத்து வாரக் கோடை வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று வாரம் என்பது சின்ன நஷ்டமா?

ஆகவே முதல் கோரிக்கை உள்நாட்டைப் பற்றியது. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களிலேயே இரண்டு மாதப் பயிற்சிக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. அதைப் பன்மடங்காக்க வேண்டும். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலும், 1990இல் பிறந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் வட்டாரப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால இடம் ஒதுக்க வேண்டும். வெளிநாடு போகத் தேர்வாகும் ஏழை மாணவருக்குப் பயணப் பணத்தை முன்பணமாகவே கொடுக்க வேண்டும். ரசீது காட்டினால் பிறகு தருகிறோம் என்பது கடன்காரனிடம் அனுப்பும் வழி. அந்த இரண்டு மாதம் வீட்டுக்கு வராமல் போகும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதைச் சலுகை என்று எவனும் சொல்ல வேண்டாம். ஆலையிலும் வயலிலும் உழைத்து வரி கட்டுகிற ஜனங்களின் பணம் அது.

கோடைக்கான அறிவிப்புகள் பலவும் முந்திய ஐப்பசி, கார்த்திகையிலேயே வந்துவிடுகின்றன, அதுவும் இங்கிலீஷில். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அவற்றைத் தமிழில் எழுதித் தரட்டும். கூலி நோட்டீஸ் ஒட்டுகிற சங்கப் பலகையில் ஒட்டுவோம்.